சமையல் ஆயிற்றா? வினைமுதல் இல்லாத ஓர் அறையின் வரலாறு

இது நீண்ட பதிவு. ஆய்வேட்டின் ஓர் இயலைத் திருத்தி முடிக்க வேண்டிய வாரங்களில் வீட்டுப் பழுதுபார்ப்பில் அகப்பட்டுக்கொண்டதன் விளைவு. மொழியியலும் சமூக வரலாறும் பயிலும் நண்பர்களுக்கு இதில் பேசப் பொருள் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

1

சிக்கந்தராபாத்தில் என் தாத்தா 1956ஆம் ஆண்டு கட்டிய வீட்டை இவ்வாண்டுக் கோடையில் பழுதுபார்க்கத் தொடங்கினோம். கருங்கல் சுவர்கள், சுண்ணாம்புப் பூச்சு, தரையில் ஷாபாத் கற்கள், சமையலறை அலமாரிகளுக்குக் கடப்பைக் கல் என அமைந்த எளிய வீடு. சமையலறைச் சுவரின் ஒரு பகுதியில் மட்டும், எத்தனை முறை வண்ணம் பூசினாலும், ஓராண்டுக்குள் தேநீர் சிந்தியது போன்ற பழுப்புக் கறை மேலெழுந்து வரும். மழைநீர்க் கசிவென்றே எண்ணியிருந்தோம். மேஸ்திரி அவ்விடத்தைக் கொத்தியபோது சிமென்ட் பூச்சின் கீழே பழைய சுண்ணாம்புப் பூச்சு வெளிப்பட்டது. அதன்மேல் தார் போன்ற கரிப் படலம் விரல் நகத்தில் ஒட்டும் அளவுக்குப் படிந்திருந்தது. கறையின் மூலம் அதுதான். புகையின் பிசின் ஏறிய சுவரில் மேலே எதைப் பூசினாலும் அது ஊடுருவிக்கொண்டு வெளியே வரும் என்று அவர் விளக்கினார். இன்னும் சற்று மேலே கொத்தியபோது, செங்கல் அடுக்கி அடைக்கப்பட்ட, ஒரு முழ அகலமுள்ள பொந்து தென்பட்டது. "பொக கொட்டம்" என்றார் தெலுங்கில். தமிழில் சொன்னால் புகைக் குழாய். 'பொக'வும் 'புகை'யும் ஒரே வேரின் கிளைகள் என்பதை விளக்க வேண்டிய இடம் அதுவன்று. ஆயினும் அந்தச் சொல்லை இரு மொழியிலும் அங்கிருந்த எல்லோரும் ஒரே கணத்தில் புரிந்துகொண்டோம்.

அப்பாவுக்கு மங்கலாக நினைவிருந்தது. மழைக்காலத்தில் அந்தக் குழாய் வழியே அடுப்பின் மீது நீர் சொட்டும். கூரையில் அதைச் சுற்றி வெடிப்பு ஏற்பட்டுக் கூடத்துச் சுவரும் நனையும். எனவே ஒரு நாள் கொத்தனார் வந்து அடைத்துவிட்டுப் போனார். ஆண்டு நினைவில்லை என்றார். ஆண்டைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவில்லை. தாத்தா ரயில்வேயில் கணக்கர். வீட்டுக்கும் கணக்கு எழுதியவர். பரணிலிருந்து இறக்கிய குறிப்பேடுகளுள் ஒன்றில், 1968 ஜூலை மாதப் பக்கத்தில், அவருடைய சீரான கையெழுத்தில் இருந்தது: "சமையலறைப் புகைபோக்கி அடைத்தது. கொத்தனார் கூலி, செங்கல், சிமென்ட்: ரூ. 11.50."

அதே வரிசையில் 1984ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் சமையல் எரிவாயு இணைப்புக்குச் செலுத்திய முன்பணம் பதிவாகியுள்ளது. இரண்டுக்கும் இடையே 16 ஆண்டுகள். அப்பதினாறு ஆண்டுகளிலும் மாதந்தோறும் விறகு, அடுப்புக்கரி, மரத்தூள், மண்ணெண்ணெய் ஆகியவற்றின் விலை எழுதப்பட்டிருக்கிறது. புகை வெளியேற வழியில்லாத அவ்வறையில் அவற்றை எரித்தவர் பாட்டி. அவரைப் பற்றிய குறிப்பு அக்கணக்கில் எங்கும் இல்லை.

பாட்டி தம் கடைசிப் பத்தாண்டுகளை மூச்சிரைப்போடு கழித்தார். இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி உறங்குவார். நுரையீரல் சிறப்பு மருத்துவர் ஒருவர் அப்பாவிடம், "இவருக்குப் புகைப்பழக்கம் இருந்ததா?" என்று கேட்டாராம். பாட்டி சிரித்துவிட்டார் என்று அப்பா இன்றும் சொல்வதுண்டு. அந்தக் கேள்விக்குச் சரியான விடை 'ஆம்' என்பதே என்று சுவரைக் கொத்திய நாளில்தான் எனக்கு உறைத்தது.

2

எங்கள் வீட்டில் மூன்று மொழிகள் புழங்கும். மாலையில் வீடு திரும்பும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி, "சமையல் ஆச்சா?" அண்டை வீட்டார் தெலுங்கில் கேட்பது "வண்ட அயிந்தா?" அப்பாவின் அலுவலக நண்பர்கள் இந்தியில் கேட்பது "கானா பன் கயா?" மூன்றும் ஒரே அமைப்புடையவை. மூன்றிலும் எழுவாய் உண்டு. அது சமையல் அல்லது உணவு. மூன்றிலும் வினைமுதல் இல்லை. சமைப்பவர் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறார். இந்தியில் 'பனானா' என்ற செயப்படுபொருள் குன்றா வினை கையருகே இருந்தும், அன்றாடக் கேள்வி 'பன்னா' என்ற குன்றிய வினையையே நாடுகிறது. மழை பெய்தது, பொழுது விடிந்தது என்பவற்றைப் போல உணவும் தானே ஆகிவிடுகிறது.

இதிலிருந்து மொழியே மனிதரை மறைக்கிறது என்ற பெரிய முடிவுக்குத் தாவ நான் விரும்பவில்லை. வினைமுதலை விடுத்துப் பேசுவது தெற்காசிய மொழிகளில் இயல்பானது, 'கல்யாணம் ஆச்சா?' என்றும் கேட்கிறோம், 'வேலை முடிந்ததா?' என்றும் கேட்கிறோம். ஆனால் ஓர் அறையைப் பற்றிய கேள்வி தலைமுறை தலைமுறையாக ஒரே வடிவில் கேட்கப்படும்போது, அந்த அறையைச் சீர்திருத்த முனைந்தவர்களும் அதே வாக்கிய அமைப்பில் சிந்தித்தார்களா என்று பார்ப்பது பயனுள்ளது. இந்தியச் சமையலறையின் கடந்த 90 ஆண்டுக்கால வரலாற்றை அவ்வாறு வாசிக்க முடியும் என்று கருதுகிறேன்.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். 'அடு' என்னும் பழைய வினைக்குச் சமைத்தல் என்று பொருள். அதிலிருந்து அடுப்பு, அடிசில், அடுக்களை ஆகியன பிறந்தன. சங்க நூல்கள் சமையலறையை அட்டில் என்றன. தமிழில் உலை என்பது கொல்லனின் தீக்குழியையும் அரிசிக்காகக் கொதிக்க வைக்கும் நீரையும் குறிக்க, அதன் இனச்சொல்லான கன்னட 'ஒலெ' அடுப்பையே குறிக்கிறது. யாழ்ப்பாணத்திலும் புதுச்சேரியிலும் வழங்கும் குசினி ஐரோப்பியர் வழி வந்த சொல். மராத்தியில் சமையலறைக்கு 'ஸ்வயம்பாக் கர்' என்று பெயர். தானே சமைக்கும் வீடு என்று பிரித்துப் பொருள் காணலாம். நான் அறிந்தவற்றுள் சமைப்பவரின் சாயல் சற்றேனும் படிந்த பெயர் அது ஒன்றே. ஏனையவை தீயையும் செயலையும் உணவையும் பெயராகக் கொண்டவை.

இலக்கியத்தில் சமைப்பவர் இல்லாமலில்லை. குறுந்தொகையின் 167ஆம் பாடல் கூடலூர் கிழார் பாடியது. புதிதாக மணம் முடித்த பெண் தயிரைப் பிசைந்த விரல்களை ஆடையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை மையுண்ட கண்களில் நிறைய, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. மகளின் இல்லறத்தைக் கண்டுவந்த செவிலி நற்றாய்க்குச் சொல்வது அது. தமிழ் மாணவர் அனைவரும் விரும்பும் பாடல். நானும் விரும்புபவன். ஆனால் சுவரைக் கொத்திய பிறகு அதைப் படித்தபோது, புகை அங்கே அன்பின் அடையாளமாக நிற்பதைக் கவனித்தேன். கண்ணில் நிறையும் புகையை அழகாகக் காணும் பார்வைக்கு நம்மிடம் 2,000 ஆண்டுப் பழக்கம் உண்டு. அதைத் தீங்காகக் காணும் பார்வைக்கு நூறாண்டுகூட ஆகவில்லை.

3

புகையைத் தீங்காகக் கண்டு அடுப்பை மாற்ற முனைந்தவர்களில் காந்தியவாதிகள் முன்னோடிகள். 1934ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவின் மகன்வாடியிலிருந்து நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அச்சூழலில் உருவான புகையில்லா அடுப்புக்கு 'மகன் சூலா' என்று பெயர். மகன்லால் காந்தியின் நினைவாக வைத்த பெயர் அது. மகன்கள் சமைப்பதற்கான அடுப்பு என்று தமிழர் மகிழ்ந்துவிட வேண்டாம்.

அடுத்த முயற்சி எங்கள் நகரிலேயே நிகழ்ந்தது. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு, கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லாச் சமையலறை என்ற கருத்தைத் தலைப்பாகக் கொண்ட சிறுநூலை 1953இல் வெளியிட்டார். மண்ணால் கட்டக்கூடிய, பல கண்களும் புகைபோக்கியும் உடைய அடுப்பின் வடிவமைப்பு அதில் இருந்தது. புகை, கரி, வெப்பம், எரிபொருள் வீணாதல், தீ விபத்து ஆகிய ஐந்திலிருந்தும் சமையலறைப் பெண்களுக்கு விடுதலை என்பது அவருடைய முழக்கம். அந்த ஐந்தில் நான்கு சமைப்பவரின் உடலைத் தொடுபவை என்பதைக் கவனியுங்கள். பின்வந்த எந்த அரசுத் திட்டமும் பெண்ணின் உடலை இவ்வளவு வெளிப்படையாக முன்னிறுத்தியதாக நான் கருதவில்லை. 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் கிராம ஊழியர்கள் எடுத்துச் சென்ற செய்திகளுள் புகையில்லா அடுப்பும் ஒன்று. எங்கள் வீடு அந்நூல் வந்த மூன்றாண்டுகளுக்குப் பிறகு, அதே நகரில், புகைபோக்கியோடு கட்டப்பட்டது.

இந்த அடுப்புகள் ஏன் நிலைக்கவில்லை? புகைபோக்கியில் கரி அடையும்; மண் வெடிக்கும்; அடுப்பின் வாயும் வீட்டுப் பாத்திரத்தின் அடியும் பொருந்தா; கூரை ஓட்டை வழியே மழை இறங்கும். பொறியியல் காரணங்கள் இவையெல்லாம். இவற்றுக்கு அடியில் வேறொரு காரணம் இருப்பதாக எங்கள் குறிப்பேடு எனக்குக் காட்டிற்று. மண்ணடுப்பைப் போடுவதும் மெழுகுவதும் வெடிப்பை அடைப்பதும் காலங்காலமாகச் சமைப்பவரின் வேலை. ஒரு கண்ணில் எரியும் தீயின் வெப்பத்தைப் பக்கத்துக் கண்ணுக்குக் கடத்திக் குழம்பைச் சூடாக வைத்திருக்கும் கொடியடுப்பு, எந்த ஆய்வுக்கூடத்திலும் பிறந்ததன்று. ஆனால் கூரை அவருடைய ஆட்சியில் இல்லை. கூரைக்குக் கொத்தனார் வேண்டும், பணம் வேண்டும், வீட்டுக்காரரின் முடிவு வேண்டும். அடுப்பு சமையலறையைச் சேர்ந்தது. புகைபோக்கி வீட்டைச் சேர்ந்தது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் புகை இருந்தது. கூரை ஒழுகியபோது வீட்டைக் காத்தார்கள். செலவு 11 ரூபாய் 50 காசு. மூச்சு முட்டியபோது காக்க வேண்டியது எது என்று எழுதுவதற்குக் குறிப்பேட்டில் பத்தி இல்லை.

தாத்தாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. அவர் மனைவியை மதித்தவர். மகள்களைப் பட்டம் வரை படிக்க வைத்தவர். தெரிந்தே செய்தார் என்று நான் நினைக்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று மட்டும் நினைக்கிறேன்.

சமையலறைக்கு வெளியே நின்ற இன்னொருவரும் கணக்கில் இல்லை. விறகு கொண்டுவந்த பெண் பின்வாசலோடு நின்றுவிடுவார் என்று அப்பா சொன்னார். சாதியின் எல்லைக்கோடு வீட்டின் வேறெந்த அறையையும்விடச் சமையலறை வாசலில்தான் அழுத்தமாகக் கிழிக்கப்பட்டிருந்தது. குறிப்பேட்டில் அவர் "விறகு, ஒரு வண்டி" என்ற வரியாக மட்டும் எஞ்சியிருக்கிறார். தம் உழைப்பு எழுதப்படாத இருவர், ஒரே வாசலின் இரு புறமும் நின்று, ஒரே எரிபொருளைக் கைமாற்றிக்கொண்டார்கள்.

4

1959ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டையொட்டி இந்தியாவிலேயே செய்யப்பட்ட பிரஷர் குக்கர்கள் நடுத்தரக் குடும்பங்களை நோக்கிப் புறப்பட்டன. பதம் பார்த்தல் என்னும் கண், மூக்கு, விரல் சார்ந்த அறிவு 'மூன்று விசில்' என்ற புதிய அளவைக்கு மாறத் தொடங்கிற்று. அதே ஆண்டு தில்லி மருத்துவர் எஸ். பத்மாவதி, பதக் என்பவருடன் இணைந்து, நுரையீரல் நோயால் இதயம் பழுதுற்ற 127 நோயாளர்களைப் பற்றிய ஆய்வை 'சர்குலேஷன்' என்னும் அமெரிக்க இதழில் வெளியிட்டார். புகைபிடிக்கும் வழக்கம் பெரிதும் இல்லாத பெண்களிடம் அந்நோய் மிகுதியாக, அதுவும் இளம் வயதிலேயே காணப்பட்டது. விறகும் வறட்டியும் எரியும் அடுப்பின் புகையோடு அதை அவர்கள் தொடர்புபடுத்தினர். எங்கள் புகைபோக்கி அடைக்கப்படுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அறிவு அச்சேறியிருந்தது. அது தில்லி மருத்துவமனையிலிருந்து சிக்கந்தராபாத் கொத்தனாரை வந்தடையவில்லை. பாட்டியின் மருத்துவர் கேட்ட கேள்வியைக் கொண்டு பார்த்தால், சில மருத்துவமனைகளையும் அரை நூற்றாண்டு கழித்தும் வந்தடையவில்லை.

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் அடுப்பு மீண்டும் அரசின் கவனத்துக்கு வந்தது. இம்முறை காரணம் காடு. அதே ஆண்டு கர்வால் மலையில் சிப்கோ இயக்கம் எழுந்தது. எரிக் எக்ஹோம் 1975இல் விறகுப் பற்றாக்குறையை 'மற்றோர் எரிசக்தி நெருக்கடி' என்று உலகுக்கு அறிவித்தார். ஏழையின் அடுப்பு காட்டைத் தின்கிறது என்ற அச்சம் பரவியது. 1980களின் முற்பகுதியில் தொடங்கிய தேசிய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டம், 2002 வாக்கில் மைய அரசு அதைக் கைவிடும் வரை, மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகளை நிறுவியது. அவற்றுள் பெரும்பங்கு சில ஆண்டுகளிலேயே பயனின்றிப் போயிற்று. இலக்கு நிறுவுதல், அளவை எரிபொருள் சேமிப்பு. 'அடுப்புகள் நிறுவப்பட்டன' என்ற செயப்பாட்டு வினை அறிக்கைகளுக்குப் போதுமானதாக இருந்தது. யார் அதில் சமைத்தார், எத்தனை நாள் சமைத்தார், ஏன் நிறுத்தினார் என்ற கேள்விகளுக்கு அந்த வாக்கிய அமைப்பில் இடமில்லை.

இதே காலத்தில் கர்க் ஸ்மித்தும் அவருடைய இந்தியச் சகாக்களும் 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் மீதே கருவிகளைப் பொருத்தி, அவர்கள் சுவாசித்த காற்றை அளந்தார்கள். முறையியல் நோக்கில் இது சிறிய மாற்றமன்று. அடுப்பை அளந்தவர்கள் எரிபொருளைக் கண்டார்கள். சமைப்பவரின் மூச்சை அளந்தவர்கள் நோயைக் கண்டார்கள். கருவியை எங்கே வைக்கிறோம் என்பதே வினைமுதலைத் தீர்மானிக்கிறது.

எரிவாயு வேறொரு வழியில் வந்தது. பம்பாயில் 1950களின் நடுவில் அதன் விற்பனை தொடங்கிற்று. 1965இல் கொல்கத்தாவில் முதல் இண்டேன் இணைப்பு வழங்கப்பட்டது. பல பத்தாண்டுகள் அது நகர நடுத்தர வகுப்பின் உடைமையாகவும், பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டிய பொருளாகவும் இருந்தது. எரிவாயுவோடு அடுப்பு தரையிலிருந்து மேடைக்கு ஏறியது. சமைப்பவர் எழுந்து நின்றார். உட்கார்ந்து சமைத்த உடல் நின்று சமைக்கும் உடலாயிற்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் ஏறத்தாழ பாதிக் குடும்பங்கள் விறகையே முதன்மை எரிபொருளாகக் குறிப்பிட்டன. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பல்லியாவில் தொடங்கிய உஜ்வலா திட்டம் இணைப்பை ஏழைக் குடும்பத்தின் பெண் பெயரில் வழங்கியது. ஆவணத்தில் வினைமுதல் முதன்முறையாகப் பெயரோடு இடம்பெற்றார் என்று அதைப் பாராட்டலாம். ஆனால் இணைப்பு அவர் பெயரில் இருந்தாலும் அடுத்த உருளை வாங்கும் பணம் பல வீடுகளில் அவர் கையில் இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தூய எரிபொருளில் சமைக்கும் குடும்பங்கள் 58.6 விழுக்காடு, அதற்கு முந்தைய ஆய்வில் 43.8 விழுக்காடு. முன்னேற்றம் உண்மையானது. எஞ்சியவர்களின் சுவர்களிலும் கரி படிந்துகொண்டிருக்கிறது என்பதும் உண்மை.

இன்னோர் எண்ணும் உண்டு. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றில் செலவிட்டனர். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். ஈடுபட்டோரின் விகிதமோ பெண்களில் 81.2, ஆண்களில் 26.1 விழுக்காடு. எரிபொருள் மாறிற்று, பாத்திரம் மாறிற்று, நிற்கும் நிலை மாறிற்று. வினைமுதல் மாறவில்லை.

5

மீண்டும் எங்கள் வீட்டுக்கு வருகிறேன். புகைபோக்கி வெளிப்பட்ட அன்று மாலையே மேஸ்திரி சமையல் மேடைக்கு அளவெடுத்தார். உயரம் எவ்வளவு என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் கைபேசியில் தேடி, 34 அங்குலம் என்றேன். மேஸ்திரி சுவரில் கோடு கிழித்தார். அம்மா அப்போது எங்கள் மூவருக்கும் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். பின்கட்டில், தற்காலிகமாக வைத்த அடுப்பில், தரையில் உட்கார்ந்து.

இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பரணிலிருந்து குறிப்பேட்டை இறக்கி, புகையில் ஒரு பெண் மறைந்துபோனதைக் கண்டுபிடித்துவிட்டதாக நண்பர்களுக்குச் செய்தி அனுப்பியவன் நான். ஒரு மணி நேரத்துக்குள், அதே அறையில், அதே கேள்வியை வேறொரு பெண்ணிடம் கேட்காமல் விட்டவனும் நானே.

அம்மாவின் உயரம் 4 அடி 11 அங்குலம். இந்தியப் பெண்களின் சராசரி உயரமே ஏறத்தாழ 152 செ.மீ. தான். நின்று செய்யும் இலேசான வேலைக்குப் பரப்பு முழங்கையைவிட 10 முதல் 15 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும் என்பது பணிச்சூழலியலின் பொது விதி. 34 அங்குல மேடைமேல் எரிவாயு அடுப்பையும், அதன்மேல் பாத்திரத்தையும் வைத்தால், குழம்பின் கொதியை அம்மா நுனிக்காலில் நின்றுதான் பார்க்க வேண்டும். நாங்கள் இடிக்கப்போகும் பழைய மேடையும் அதே உயரம்தான். வலது தோள்வலிக்கு அம்மா ஆறு ஆண்டுகளாகத் தைலம் தடவி வருகிறார். இரண்டையும் சேர்த்து எங்களில் எவரும் யோசித்ததில்லை. மனையியல் துறை பல பத்தாண்டுகளாக இவற்றைப் பாடமாகக் கற்பித்து வருகிறது. பெண்களின் பாடம் என்று நாம் ஒதுக்கிய துறை அது.

மறுநாள் காலை அம்மாவிடம் கேட்டேன். "அம்மா, மேடை எவ்வளவு உயரம் இருக்கணும்?" சற்று நேரம் பேசாமல் இருந்தார். கேள்வி புரியாததுபோல் தோன்றிற்று. பிறகு, "முப்பத்தஞ்சு வருஷத்தில முதல் தடவையா கேக்கறீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். கரண்டியோடு வந்து சுவரருகே நின்றார். கிண்டுவதுபோல் கையை அசைத்துப் பார்த்தார். மேஸ்திரி பென்சிலால் குறித்தார்: அடுப்பு வைக்கும் பக்கம் 29 அங்குலம். பிறகு அம்மா கழுவுதொட்டி வைக்கும் பக்கத்துக்கு நகர்ந்தார். "இங்க முப்பத்தஞ்சு வெச்சுடுங்க. இவங்க ரெண்டு பேரும் உயரமா இருக்காங்க. பாத்திரம் தேய்க்கறப்ப முதுகு வலிக்கக் கூடாதில்ல" என்றார் மேஸ்திரியிடம். மேஸ்திரி அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையசைத்தார். பழைய 34 அங்குலக் கோட்டை ஈரத்துணியால் அழித்தது நான்.

ஒருவருடைய உடலுக்கு அளவெடுத்து அமைத்த மேடை, அந்த வேலையை அவர் மீதே நிலையாக எழுதிவிடாதா என்ற ஐயம் எனக்கு இருந்தது. அம்மா அதற்கும் விடை சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறேன். இரண்டு உயரங்களும் ஒரே கடப்பைக் கல்லில் அமையா; இரண்டு பலகைகள் வாங்க வேண்டியிருக்கிறது. செலவு கூடும். புகைபோக்கியின் செங்கற்களை எடுத்துவிட்டோம். கூரையில் நீர் புகாதபடி அதன்மேல் தொப்பி வைத்து, உள்ளே காற்று வெளியேற்றும் விசிறி பொருத்தப்போகிறோம். எரிவாயுவிலும் தாளிப்புப் புகை உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேல் மூடியிருந்த வழி அது. கரி படிந்த சுவரில் ஒரு சாண் அகலத்தை மட்டும் பூசாமல் விடச் சொல்லியிருக்கிறார் அப்பா.

ஆய்வாளர்களாகிய நாம் ஆவணக் காப்பகங்களில் மௌனங்களைத் தேடுகிறோம். அது வேண்டியதே. ஆனால் கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் உயிரோடு, அடுத்த அறையில் இருக்கும்போது அதை மௌனம் என்று அழைப்பது பொருந்தாது. நண்பர்கள் இன்று வீட்டில் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சமையல் ஆயிற்றா என்று வேண்டாம். மேடை உயரம் சரியாக இருக்கிறதா, புகை எங்கே போகிறது, எந்த மூட்டு வலிக்கிறது என்று கேளுங்கள். விடைகளை இங்கே எழுதினால் மகிழ்வேன். பாட்டியிடம் நான் கேட்டதில்லை.